வழக்கு குறைந்தால் குற்றம் குறைந்ததா? கூடலூர் – பந்தலூர் மனு பற்றி

சேரம்பாடி டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

நீலகிரியில் நம் கூடலூர், பந்தலூர் பக்கம் மிளகுத் திருட்டு பற்றி கலெக்டருக்குக் கொடுக்க ஒரு மனு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உங்களில் பாதிப் பேருக்கு வந்திருக்கும். கேட்பது மூன்று. புதிதாக ஒரு புறக்காவல் நிலையம் வேண்டும், எல்லா ஜங்ஷனிலும் கேமரா வேண்டும், பிடிபடுகிறவன் மேல் குண்டாஸ் போட வேண்டும். என்னிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அதற்கே முகம் சுளித்தார்கள்.

மனுவில் ஒரு வரி என்னை நிறுத்தியது. "வழக்குகள் குறைந்துவிட்டதாக அதிகாரிகள் சொல்கிறார்கள், ஆனால் திருட்டு கூடிக்கொண்டே போகிறது." இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். திருட்டுக் கொடுத்தவன் ஸ்டேஷனுக்குப் போகாமல் விட்டால் வழக்கு குறையும். போனவனைச் சமாதானம் பேசி அனுப்பிவிட்டாலும் குறையும். அப்புறம் அந்த எண்ணைக் காட்டி "அமைதியான மாவட்டம்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

என் சந்தேகம் இதுதான். நாம் கேட்கிற மூன்றும் உண்மையில் வேலை செய்கிறவையா? யாராவது எங்காவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? போலீஸ், கோர்ட், தாலுகா ஆபீஸ் அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். அரசியல் வேண்டாம்.

மலஞ்சரக்குக் கடை

டீச்சர், நீங்கள் மாசச் சம்பளக்காரர். மிளகு போடுகிறவனுக்குத்தான் வலி தெரியும். ஒரு வருடம் கொடியைப் பார்த்துப் பார்த்து வளர்த்து, பறிக்கப் போகிற வாரத்தில் ராத்திரியோடு ராத்திரியாகப் பச்சையாகவே உருவிக்கொண்டு போய்விடுகிறான். கைக்கு எட்டுகிற உயரம் வரைக்கும் கொடி மொட்டை, அதற்கு மேலே மட்டும் காய். களத்தில் காயப்போட்டதைச் சாக்கோடு தூக்கியவர்களும் உண்டு. பாட்டவயல் வழியாகவோ தாளூர் வழியாகவோ கேரள எல்லையைத் தாண்டிவிட்டால் மறுநாள் காலையில் அது வயநாட்டு மிளகு.

எனக்கு ஆராய்ச்சி வேண்டாம். போலீஸ் ஜீப் கண்ணில் பட்டால் திருடன் பயப்படுவான். பிடிபட்டவன் ஒரு வருடம் உள்ளே இருந்தால் மற்றவன் யோசிப்பான். இதில் என்ன சந்தேகம்?

ஓய்வுபெற்ற ஏட்டு

கடைக்காரரே, ஜீப் கண்ணில் பட வேண்டும் என்றால் ஜீப்பில் உட்கார ஆள் வேண்டும். புறக்காவல் நிலையம் திறந்தால் ஆள் வானத்திலிருந்து வர மாட்டார்கள். இருக்கிற ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேரைப் பிடுங்கி அங்கே உட்கார வைப்பார்கள். அந்த இரண்டு பேரும் ஏப்ரல், மே வந்தால் ஊட்டிக்கு பந்தோபஸ்துக்குப் போய்விடுவார்கள். மலர்க் கண்காட்சி, ரோஜாக் கண்காட்சி, குன்னூரில் பழக் கண்காட்சி, கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி, உங்கள் கூடலூரிலேயே வாசனைத் திரவியக் கண்காட்சி. இடையில் ஒரு வி.ஐ.பி. வந்தால் கேட்கவே வேண்டாம். திறந்த மாதம் ரிப்பன் இருக்கும், அடுத்த சீசனில் பூட்டு இருக்கும். எத்தனை பார்த்திருக்கிறேன்.

வார விடுப்பு என்று 2021 நவம்பரில் அரசாணையே வந்தது. ரோஸ்டரில் விடுப்பு என்று இருக்கும். ஆள் பர்லியாரில் வண்டி ஒழுங்குபடுத்திக்கொண்டு இருப்பான். தூக்கம் இல்லாதவனிடம் போய் நீங்கள் மிளகு போச்சு என்று சொன்னால் அவன் எப்படிப் பேசுவான்?

டீச்சர் கேட்டதற்கு வருகிறேன். புகார் வந்தால் வழக்குப் பதியாமல் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வந்தது என்பதற்கான சீட்டு, போட்டுக் கொடுப்பது வழக்கம். அது தப்பில்லை, விசாரித்துப் பார்க்க ஒரு வழி. ஆனால் சி.எஸ்.ஆர். போட்டதோடு பல புகார்கள் நின்றுவிடும். காரணம் சோம்பேறித்தனம் மட்டுமில்லை. மாதக் கூட்டத்தில் இன்ஸ்பெக்டரைப் பார்த்து "உன் லிமிட்டில் ஏன் இத்தனை திருட்டு வழக்கு, எத்தனை கண்டுபிடித்தாய்?" என்றுதான் கேட்பார்கள். கண்டுபிடிக்க முடியாத வழக்கைப் பதிவு செய்கிறவன் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறான். பதிவு செய்யாதவன் நல்ல பேர் வாங்குகிறான். இதை மாற்றாமல் நாலு அவுட்போஸ்ட் கட்டினாலும் நாலு இடத்தில் சி.எஸ்.ஆர். கிடைக்கும், அவ்வளவுதான்.

எமரால்டுக்காரன்

ஊர் எமரால்டு, பிழைப்பு பெங்களூரில். வேலையே எண்களோடுதான் என்பதால் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஏட்டு ஐயா சொன்னதை ராஜஸ்தானில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் அந்த மாநில போலீசோடு சேர்ந்து 162 காவல் நிலையங்களில் நடத்திய சோதனை. சில ஸ்டேஷன்களில் ஆட்களை இடம் மாற்றாமல் நிறுத்தி வைத்தார்கள். சிலவற்றில் விசாரணை முறையும் மக்களிடம் பேசும் முறையும் பயிற்சி கொடுத்தார்கள். வேறு சிலவற்றில் வார விடுப்போடு வேலைச் சுழற்சி, இன்னும் சிலவற்றில் ஊர்க்காரர் ஒருவர் ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்து பார்ப்பது. இடமாற்றத்தை நிறுத்தியதும் பயிற்சியும் பலன் கொடுத்தன. வார விடுப்பும் ஊர்ப் பார்வையாளரும் பலன் கொடுக்கவில்லை. அதற்காக வார விடுப்பே தப்பு என்று அர்த்தமில்லை. ஸ்டேஷன் அதிகாரிகள் அதைத் தொடர்ந்து நடைமுறைப்படுத்தவில்லை, அதனால் மருந்து உள்ளே போகவே இல்லை. ஏட்டு ஐயாவின் ரோஸ்டர் கதை அங்கேயும்.

அந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. புகார்தாரர் மாதிரி ஆட்களை அனுப்பி, கற்பனைப் புகாரைப் பதிவு செய்கிறார்களா என்று பார்த்தார்கள். அளப்பதற்காகச் செய்த வேலை அது. ஆனால் இனி யார் வேண்டுமானாலும் அப்படி வரலாம் என்று தெரிந்ததும் ஸ்டேஷன்களின் நடத்தையே மாறியது. செலவு சொற்பம்.

இன்னொன்று கடைக்காரர் அண்ணாவுக்காக. அதே மாநிலத்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைப் பிடிக்கும் சோதனையை இரண்டு விதமாக நடத்திப் பார்த்தார்கள். ஒரு பக்கம், இருப்பதிலேயே நல்ல இடம் என்று பார்த்து தினமும் அங்கேயே நின்றார்கள். இன்னொரு பக்கம், இன்றைக்கு இங்கே நாளைக்கு அங்கே என்று சில இடங்களில் மாறி மாறி நின்றார்கள். மாறி மாறி நின்ற பகுதிகளில் இரவு விபத்து 17 சதவீதமும் இரவு விபத்துச் சாவு 25 சதவீதமும் குறைந்தன. ஒரே இடத்தில் நின்றதற்குக் குறிப்பிடும்படியான பலன் இல்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோலாடியில் செக்போஸ்ட் இருக்கிறது என்று தெரிந்தவன் சோலாடி வழியாகவா மிளகு கொண்டுபோவான்? புறக்காவல் நிலையம் என்பது நகராத செக்போஸ்ட். அதே இரண்டு பேர், அதே ஒரு பைக், ஆனால் எந்த ராத்திரி எந்த ரோடு என்று யாருக்கும் தெரியாது என்றால் அது வேறு கதை.

கேமரா பற்றி. உலகம் முழுக்க நாற்பது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் ஒரு மதிப்பீடு வெளியானது. கேமரா வைத்த இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்தது. பலன் அதிகம் தெரிந்தது கார் நிறுத்துமிடங்களில்தான். வன்முறைக் குற்றத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. யாராவது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால்தான் பலன் கூடுகிறது. ஆக, கேமரா வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேவாலாவில் ஜூலை மாதம் வைத்துப் பாருங்கள். மழையும் மஞ்சும் சேர்ந்து பத்தடிக்கு அப்பால் வெள்ளை வேட்டி விரித்த மாதிரி இருக்கும். மரம் விழுந்து கரண்ட் போனால் அதுவும் இல்லை.

மலஞ்சரக்குக் கடை

ராஜஸ்தானில் மிளகு விளைகிறதா தம்பி? அங்கே ஒட்டகம், இங்கே யானை. ராத்திரி பைக்கில் ரோந்து போகச் சொல்கிறீர்களே, ஒற்றைக் கொம்பன் எதிரே வந்தால் போலீஸ்காரன் என்ன செய்வான்? அதையும் டுஃப்லோ அம்மா எழுதியிருக்கிறாரா?

மற்றபடி, செக்போஸ்ட் பற்றிச் சொன்னது சரிதான். எங்களுக்கே எந்த நேரத்தில் எங்கே ஆள் இருக்க மாட்டார்கள் என்று தெரியும்.

கோத்தகிரி வக்கீல்

சட்டப் பக்கம் கொஞ்சம்.

பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2013-ல் லலிதா குமாரி வழக்கில் சொன்னது இது. பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 173-வது பிரிவு இன்னும் கொஞ்சம் வசதி செய்கிறது. எல்லை எங்கள் ஸ்டேஷன் இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. மின்னஞ்சலிலும் புகார் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபால், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட். ஆனால் மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்துகொள்ளலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சி.எஸ்.ஆர். பழக்கத்துக்குச் சட்டமே திண்ணை போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

மிளகுக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். என்ற தண்டனைச் சட்டத்தில் திருட்டுக்கு மூன்று வருடம் வரை தண்டனை. ஆனால் 5,000 ரூபாய்க்குக் கீழே மதிப்பு, முதல் முறை, பொருளையும் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் சமூக சேவைதான் தண்டனை. 5,000-க்குக் கீழ்ப்பட்ட அந்த வகை, போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாத பட்டியலுக்குப் போய்விட்டது. இன்றைய விலையில் அது ஏழெட்டுக் கிலோ மிளகு. புகாரில் "கொஞ்சம் மிளகு காணவில்லை" என்று எழுதிக் கொடுத்தால் உங்கள் புகாரை நீங்களே குழிக்குள் தள்ளுகிறீர்கள். எத்தனை கொடி, உத்தேசமாக எத்தனை கிலோ, அன்றைய விலை என்ன என்று எழுதுங்கள். கொடியைப் போட்டோ எடுங்கள்.

குண்டாஸ் கேட்பவர்களுக்கு. 1982-ன் 14-வது சட்டம் அது. விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். நாட்டிலேயே தடுப்புக் காவலை அதிகம் பயன்படுத்தும் மாநிலங்களில் நம்முடையது முன்வரிசை. ஆணையில் நடைமுறைக் கோளாறு, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் என்று உயர் நீதிமன்றத்தில் ரத்தாகும் ஆணைகளும் ஏராளம். திருடனைத் தடுப்பது தண்டனையின் நீளத்தைவிட, பிடிபடுவோம் என்ற நிச்சயம் என்பது குற்றவியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிற முடிவு. மிளகு திருடினவனில் எத்தனை பேர் பிடிபடுகிறான்? பிடிபடாதவனுக்கு ஒரு வருடமானால் என்ன, ஒன்பது வருடமானால் என்ன?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு பொருள் காணாமல் போனால் நம் ஊர்களில் முதலில் விரல் நீளுவது பணியர் பழங்குடிக் காலனிப் பையன்களை நோக்கி. சந்தேகப்படுவது போலீஸ் மட்டுமில்லை, நாமும்தான். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள், 2022 கணக்கில் 75.8 சதவீதம். ஜாமீனுக்கு ஆள் இல்லாதவன் கோவை மத்திய சிறையில் கிடப்பான். முதல் முறை மாட்டினவன் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருந்துவிட்டால் விடுவிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 479-வது பிரிவு சொல்கிறது, ஆனால் யாராவது கணக்குப் பார்த்து மனுப் போட வேண்டுமே. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100.

தொட்டபெட்டா காற்று

இத்தனை பேசுகிறீர்கள், கோடநாடு வழக்கு 2017-லிருந்து என்ன ஆச்சு என்று யாராவது

நெறியாளர்

அதற்குத் தனி இழை இருக்கிறது, பூட்டியும் இருக்கிறது. இங்கே மிளகு, ஸ்டேஷன், மனு. மேலே உள்ள பதிவின் மீதியை நீக்கியிருக்கிறேன்.

காந்தல்வாசி

எண் குறைந்தால் நல்லது என்ற நினைப்பு எவ்வளவு தப்பு என்பதற்குப் பெண்கள் தொடர்பான வழக்குகள்தான் சரியான உதாரணம். மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் சிலவற்றில் பெண்களுக்கான உதவி மேசை வைத்துப் பார்த்தார்கள். மேசை வைத்த இடங்களில் பதிவான புகார்கள் கூடின. எஃப்.ஐ.ஆர். கூடியது முக்கியமாகப் பெண் போலீஸ் பொறுப்பில் இருந்த மேசைகளில். அந்த ஸ்டேஷன் எல்லைகளில் ஆண்கள் திடீரென்று கெட்டுப்போய்விடவில்லை. கேட்க ஆள் இருந்ததால் சொன்னார்கள். நம் ஊர் மாதக் கூட்டமாக இருந்தால் அந்த இன்ஸ்பெக்டர்களுக்கு மெமோ கொடுத்திருப்பார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தனி மகளிர் காவல் நிலையம் என்பது நம் மாநிலம் 1992-லேயே தொடங்கிவைத்தது. ஹரியானாவில் 2015-ல் எல்லா மாவட்டங்களிலும் மகளிர் ஸ்டேஷன் திறந்தபோது ஓர் ஆய்வு நடந்தது. சாதாரண ஸ்டேஷன்கள் "அது மகளிர் ஸ்டேஷன் கேஸ்" என்று கைகழுவ ஆரம்பித்தன, பெண்கள் தூரம் போய் அலைந்தார்கள், பதிவு கூடவில்லை. வேறு ஆய்வுகளில் மகளிர் ஸ்டேஷன் வந்த இடங்களில் பதிவு கூடியிருக்கிறது. அதனால் ஒரே அடியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் மலையில் தூரம் என்பது வேறு கணக்கு. அய்யன்கொல்லியில் அடி வாங்கின ஒரு பெண் கூடலூருக்குப் பஸ் பிடித்து, காத்திருந்து, கடைசி பஸ்ஸுக்குள் திரும்ப வேண்டும். அன்றைய கூலி போச்சு, வீட்டில் கேள்வி வேறு. பக்கத்து ஸ்டேஷனிலேயே ஒரு மேசை, ஒரு பெண் காவலர் என்று மனுவில் சேர்த்தால் எங்கள் குழுவில் கையெழுத்துப் போட நிறையப் பேர் இருக்கிறோம்.

கட்டடம் கட்டுவதையே சீர்திருத்தம் என்று நினைக்கும் புத்திக்கு ஊட்டியிலேயே சாட்சி இருக்கிறது. புதிய ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் பெண் வக்கீல்களுக்குக் கழிப்பறை வசதி வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

ஒன்றரை ஏக்கர்

நான் போலீஸ் பக்கமே போகிறவன் இல்லை. ஆனால் இதே நோய் தாலுகா ஆபீஸிலும் உண்டு. கர்நாடகத்தில் சகாலா என்று 2011-லேயே சட்டம். சொன்ன நாளுக்குள் சான்றிதழ் தராவிட்டால் நாளுக்கு 20 ரூபாய் வீதம், 500 ரூபாய் வரை, தர வேண்டியவர் சம்பளத்திலிருந்து. கேரளாவில் 2012-ல் சேவை உரிமைச் சட்டம். குண்டல்பேட்டைக்காரனுக்கும் பத்தேரிக்காரனுக்கும் கெடு தேதி உண்டு, நடுவில் கூடலூர்க்காரன் முகாமுக்கு வரிசையில் நிற்கிறான். பழங்குடிச் சான்றிதழ் என்றால் ஆர்.டி.ஓ. வரை போக வேண்டும். பள்ளியில் அதனால் உதவித்தொகை தவறிய பிள்ளைகளை டீச்சருக்கே தெரிந்திருக்கும்.

ஆனால் கெடு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. கெடு நாளுக்கு முந்தின நாள் "ஆவணம் போதாது" என்று தள்ளுபடி செய்தால் கணக்கில் அது முடித்த மனு. ஆன்லைனில் பச்சை நிறத்தில் காட்டும். எஃப்.ஐ.ஆர். போடாமல் குற்றத்தைக் குறைப்பதும் இதுவும் ஒரே வித்தை. ஆகவே எத்தனை முடித்தார்கள் என்று கேட்காதீர்கள், எத்தனை தள்ளினார்கள், என்ன காரணம் சொல்லித் தள்ளினார்கள் என்று கேளுங்கள்.

நம் மாவட்டத்தில் நன்றாக நடந்த ஒன்றையும் சொல்கிறேன். டாஸ்மாக் பாட்டில். காட்டோரம் உடைத்துப் போட்டு யானைக் காலில் குத்திக்கொண்டிருந்தது. அபராதம், எச்சரிக்கைப் பலகை எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 மே மாதம் இங்கேதான் முதலில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, திருப்பிக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். பாட்டில் கடைக்குத் திரும்பி வந்தது. குடிகாரனைத் திருத்த வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. இங்கே சோதித்ததைத்தான் அப்புறம் மற்ற மாவட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். அப்படி ஒரு பகுதியில் செய்து பார்த்து, எண்ணிப் பார்த்து, பிறகு பரப்புவதை ஏன் போலீஸ் விஷயத்தில் கேட்கக் கூடாது?

சேரம்பாடி டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. உதவித்தொகை தவறிய பிள்ளைகள் பற்றி ஒன்றரை ஏக்கர் அண்ணன் சொன்னது உண்மைதான், அதற்கு வேறு மனு எழுத வேண்டும்.

மிளகு மனுவை இப்படி மாற்றலாம் என்று பார்க்கிறேன். புறக்காவல் நிலையம் என்ற கோரிக்கையை எடுத்துவிட்டு, பறிப்புக் காலமான ஜனவரி முதல் மார்ச் வரை நேரமும் இடமும் மாறும் இரவு ரோந்து என்று கேட்கலாம். ஒரு சீசன், இரண்டு ஸ்டேஷன் எல்லைகளில் மட்டும். அதற்கு முன்னும் பின்னும் வந்த புகார்களைச் சேர்த்து வெளியிடச் சொல்லலாம். ரோந்துக்கு வனத்துறை ஆள் ஒருவரும் வர வேண்டும், கடைக்காரர் அண்ணன் சொன்ன கொம்பனுக்காக. பெண் காவலர் உள்ள உதவி மேசை, சரி. ஸ்டேஷன் பொறுப்பாளரை இரண்டு வருடத்துக்குள் மாற்றக் கூடாது என்பது பிரகாஷ் சிங் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது, அதையும் சேர்க்கிறேன். குண்டாஸ் வரி போய்விட்டது.

மனு ஒரு பக்கம் போகட்டும். ஸ்டேஷன்வாரியாக எத்தனை சி.எஸ்.ஆர்., அதில் எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆனது என்று ஆர்.டி.ஐ. போடப் போகிறேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாள். அந்த எண் கையில் இல்லாமல் வழக்கு கூடியது, குறைந்தது என்று நாம் பேசுவதெல்லாம் வெறும் பேச்சு.

கோத்தகிரி வக்கீல்

ஆர்.டி.ஐ.யில் இன்னொன்றும் கேளுங்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரருக்கு 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 193-வது பிரிவில் இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரிவித்தார்கள் என்று கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவு. இணைப்பு மோசமான இடங்களுக்கு 72 மணி நேரம் வரை சலுகை உண்டு, "மலைப்பகுதி சார்" என்று சொன்னால் அதற்கும் கணக்கு உண்டு என்று சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஏட்டு

டீச்சர், மனுவின் முதல் பத்தியிலேயே ஒரு வரி போடுங்கள். "பதிவு கூடினால் அதற்காக எந்த அதிகாரி மேலும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்." பொதுமக்களே இப்படி எழுதிக் கொடுத்தால் இன்ஸ்பெக்டருக்கு மேலே காட்ட ஒரு காகிதம் கிடைக்கும். நான் வேலையில் இருந்த காலத்தில் அப்படி ஒரு மனு வந்து பார்த்ததில்லை.

மலஞ்சரக்குக் கடை

ஏட்டையா சொன்ன வரிக்கு நான் ஒத்துக்கொள்கிறேன். ரோந்துக்கும் சரி. ஆனால் கேமரா வரியை எடுத்தால் எங்கள் ஆட்கள் ஒருவர்கூடக் கையெழுத்துப் போட மாட்டார்கள், இப்போதே சொல்லிவிட்டேன்.

சேரம்பாடி டீச்சர்

கேமரா வரி இருக்கிறது அண்ணா. எல்லா ஜங்ஷன் என்பதை எல்லைச் சாலைகள் என்று குறைத்து, ராத்திரி யார் பார்ப்பார்கள், பதிவை எத்தனை மாதம் வைத்திருப்பார்கள் என்பதை எழுத்தில் தரச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்துத் தாள் வெள்ளிக்கிழமை வரை உங்கள் கடையில் இருக்கட்டும், திங்கள்கிழமை குறைதீர் நாளுக்கு ஊட்டிக்கு முதல் பஸ்.